மாவு மில் மோட்டாரும் ஜி.டி.நாயுடுவும்

ஏனாத்தூரா இருந்தாலும் சரி, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமமா இருந்தாலும் சரி, மாவு மில்னா ஒரே காட்சிதான். சுவரெல்லாம் மாவு, வரிசையில அரிசித் தூக்கு, காதைப் பிளக்கிற சத்தம். அம்மாக்கள் மாவு நைஸா விழுதான்னு பார்ப்பாங்க. நீங்க இன்ஜினியரிங் படிக்கிறீங்க இல்ல, கொஞ்சம் மூலையில பாருங்க. பெல்ட்டை இழுத்துக்கிட்டு ஒரு த்ரீ-பேஸ் இண்டக்‌ஷன் மோட்டார் ஓடிக்கிட்டு இருக்கும். அது வர்றதுக்கு முன்னாடி அந்த வேலையைச் செஞ்சது திருகையும் உலக்கையும், அதாவது வீட்டுப் பெண்களோட தோள்பட்டை. நடுவுல கொஞ்ச காலம் புகை கக்குற ஆயில் எஞ்சின்.

அந்த மாதிரி மோட்டாரை இந்தியாவிலேயே செய்ய முடியும்னு 1937-ல கோவை பீளமேட்டில் செஞ்சு காட்டினவர் ஜி.டி.நாயுடு. கூடவே இருந்து உழைச்சவர் டி.பாலசுந்தரம் நாயுடு. இவர் பேரை யாரும் அதிகம் சொல்றதில்லை, சொல்லணும்.

அது ஏன் பெரிய விஷயம்? 1932-ல நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. கோவைக்குக் கரண்ட் வந்தது, பஞ்சாலைகள் மளமளன்னு பெருகின. ஆனா கரண்ட் நம்மது, மோட்டார் சீமையிலிருந்து. ஒரு மில் முதலாளி கப்பல்ல வரவழைச்சுக்குவார். கிராமத்துல மாவு மில் வைக்க நினைக்கிறவர் என்ன செய்வார்? உள்ளூர்ல மோட்டார் செய்யத் தெரிஞ்ச பிறகுதான் கோவை பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் பேர்போன ஊராச்சு.

இதைச் செஞ்சவர் எந்தக் காலேஜ்ல படிச்சார்னு கேட்டா சிரிப்பு வரும். 1893-ல கோவை பக்கம் கலங்கல் கிராமத்துல பிறந்தவர், ஆரம்பப் பள்ளியோட படிப்பை முடிச்சுக்கிட்டார். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிள்ல வந்ததைப் பார்த்து, அதே மாதிரி ஒன்னு வாங்கியே ஆகணும்னு கோவையில ஹோட்டல் சர்வரா வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கினதும் ஊர் சுத்தலை. அக்குவேறு ஆணிவேறாகக் கழட்டிட்டுத் திரும்ப மாட்டினார். அவருக்கு அதுதான் முதல் செமஸ்டர்.

1920-ல ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். கம்பெனியா வளர்ந்தது. அப்புறம் வெளிநாட்டுப் பயணங்கள், பேட்டரியில ஓடுற 'ரேசன்ட்' ரேஸர், ஜூஸ் பிழியுற மெஷின்... எல்லாத்தையும் இங்க எழுதினா இதழ் பத்தாது.

ஆனா 1952-ஐ விட முடியாது. இரண்டு பேர் போற கார், விலை 2,000 ரூபாய். தொழில் நடத்தணும்னா டெல்லியோட லைசென்ஸ் வேணும்கிற சட்டம் அமலுக்கு வந்த காலம் அது. நாயுடுவோட காருக்கு லைசென்ஸ் கிடைக்கலை. தொழில் வளரத் துடிக்கிற ஒரு நாடு, ஏற்கெனவே வளர்ந்து நின்ன ஒருத்தரை வரிசையில வரச் சொல்லிடுச்சு. எனக்கு இன்னும் ஆறலை.

கடைசியா, உங்களுக்கும் எனக்கும் நேரடியாச் சம்பந்தப்பட்டது ஒன்னு. 1945-ல அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பேர்ல கோவையில ஒரு இன்ஜினியரிங் கல்லூரி வந்தது. அதுக்கு முக்கியக் காரணம் நாயுடு. முதல்வராகவும் இருந்தார். நாலு வருஷப் படிப்பு வீண், பல துறைகளைச் சொல்லிக்கொடுக்கவே இரண்டு வருஷம் தாராளம்னு வாதாடினார். அரசாங்கம் கேட்கலை. ராஜினாமா பண்ணிட்டு வெளியே வந்துட்டார்.

கணக்குப் பாடத்தை நினைச்சா அவர் சொன்னது எனக்குக் கொஞ்சம் அதிகமாத்தான் படுது. ஆனா நாலு வருஷத்துல நாம எத்தனை மோட்டாரை நம்ம கையால கழட்டி மாட்டியிருக்கோம்னு எண்ணிப் பார்த்தா, அவர் பக்கம் சாயத் தோணுது.

நாயுடு 1974 ஜனவரி 4-ல காலமானார். அந்தக் கல்லூரிதான் இப்போ தடாகம் ரோட்டுல இருக்கிற ஜி.சி.டி. அங்கேயும் பி.இ. நாலு வருஷம்தான்.