இம்பாலா முதல் கார்வெட் வரை... திறந்த காருக்கு 'கெத்து' கொடுத்தவர்: யார் இந்த ஹார்லி ஏர்ல்?

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சில வளைவு ஏறியதுமே காற்று குளிர்ந்துவிடும், ஏசியை அணைத்துவிட்டு கண்ணாடியை இறக்கச் சொல்லும். வார இறுதிகளில் சன்ரூஃப் கார்களும் திறந்த ஜீப்புகளும் இந்தப் பாதையில் வரிசைகட்டும். கூரை இல்லாத காரில் மலை ஏற வேண்டும் என்ற ஆசை இன்று நேற்று வந்ததல்ல. அந்த ஆசைக்கு 1950-களில் உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர், ஏற்காட்டைப் பார்த்தே இராத ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ஹார்லி ஏர்ல்.

குதிரை வண்டிப் பட்டறையில் தொடக்கம்

1893 நவம்பர் 22-ம் தேதி லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார் ஏர்ல். அப்பா குதிரை வண்டி செய்பவர். கார்கள் வந்ததும் பட்டறை கார் உடல் கட்டும் இடமாக மாறியது. பக்கத்திலேயே ஹாலிவுட். ஊமைப்பட நட்சத்திரங்கள் தங்களுக்கென்று தனி வடிவத்தில் கார் கேட்டு வந்தார்கள். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட ஏர்ல், அவர்களுக்காக கார் வரைய ஆரம்பித்தார். சினிமாக்காரர்கள் காரில் தேடுவது வேகத்தை மட்டுமல்ல, பார்ப்பவர் கண்ணையும்தான் என்பது அவருக்கு அங்கேயே புரிந்தது.

கேடிலாக் நிறுவனத் தலைவர் லாரன்ஸ் ஃபிஷரின் கண்ணில் இந்தத் திறமை பட்டது. அவர் கேட்டபடி ஏர்ல் வடிவமைத்த 'லாசால்' கார் 1927-ல் வந்து வெற்றி பெற்றது. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், வடிவமைப்புக்கென்றே தனித் துறை தொடங்கி ஏர்லை அதற்குத் தலைவராக்கினார்.

அப்படி என்ன செய்தார்?

அதுவரை காரின் உருவத்தையும் பெரும்பாலும் பொறியாளர்களே முடிவு செய்தார்கள். எஞ்சின் ஒரு பெட்டி, உட்காரும் இடம் ஒரு பெட்டி, விளக்கு தனி, மட்கார்டு தனி. ஏர்ல் களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்து பார்த்தார். ஒட்டவைத்த மாதிரி தெரிந்த பாகங்களை ஒரே உடலாக இழைத்தார். கார் நீளமாகவும் தாழ்வாகவும் தெரிய வேண்டும் என்பதில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

1938-ல் அவர் உருவாக்கிய 'ப்யூக் ஒய்-ஜாப்' என்ற திறந்த கார் விற்பனைக்கு அல்ல; வருங்காலக் கார் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு. மறைந்துகொள்ளும் முகப்பு விளக்குகள், மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடிகள், மடிந்து மூடிக்குள் ஒளியும் கூரை. இன்று ஆட்டோ எக்ஸ்போவில் பார்க்கும் 'கான்செப்ட் கார்' வழக்கத்துக்கு இதைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள்.

விமானத்தில் இருந்து வந்த வால்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்தைத் தன் குழுவினருடன் போய்ப் பார்த்தார் ஏர்ல். அந்த வால் 1948 கேடிலாக் காரின் பின்புறத்தில் சின்ன மேடாக முளைத்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் அது மீன் துடுப்பு போல வளர்ந்துகொண்டே போனது.

1951-ல் வந்த 'லீசேபர்' ஜெட் விமானத்தையே நினைவூட்டியது. இந்த மாதிரி காரில் மழைத்துளி பட்டால் கூரை தானே மூடிக்கொள்ளும். நொடிக்கொரு முறை வெயிலும் சாரலும் மாறும் ஏற்காடு போன்ற ஊருக்கென்றே செய்தது போன்ற வசதி!

1953 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் 'கார்வெட்' அறிமுகமானது. முதல் ஆண்டில் தயாரானவை 300 மட்டுமே. அத்தனையும் வெள்ளை, அத்தனையும் திறந்த கார்கள். 1958-ல் வந்த முதல் 'இம்பாலா'வும் அவர் தலைமையில் உருவானதுதான். வளைந்த கண்ணாடி, பளபளக்கும் குரோமியம், இரட்டை வண்ணம் என நின்றாலும் ஓடுவது போலத் தோன்றும் உடல். இதுதான் அந்தக் காலத்து அமெரிக்க காரின் மயக்கம்.

தமிழ்நாட்டுக்கு வந்ததா?

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது. ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு, உள்நாட்டில் தயாரிக்காத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற கொள்கை வந்தது. 1954-ல் பம்பாய் ஆலை மூடப்பட்டது. அமெரிக்காவில் வால் உயர்ந்துகொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு தவிர வேறு பெரிய தேர்வு கிடையாது.

அதனால் அமெரிக்க கார் இங்கு நட்சத்திரங்களின், செல்வந்தர்களின் அடையாளமாகிப் போனது. எம்.ஆர்.ராதா தன் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றி வந்தார் என்ற கதை இன்றும் சொல்லப்படுவதற்குக் காரணம் அதுதான். ஊரே அண்ணாந்து பார்த்த காரை அவர் சாதாரண வண்டியாக நடத்தினார் என்பதே அதில் உள்ள குத்தல். ஏற்காடு அடிவாரத்தில் இருந்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், 1952-லேயே அமெரிக்க நிறுவனத்துடன் சேர்ந்து 'தி ஜங்கிள்' படம் எடுத்தது. அமெரிக்க சினிமா சேலம் வரை வந்தது. அமெரிக்க கார் மட்டும் பெரும்பாலானோருக்குத் திரையிலேயே நின்றுவிட்டது.

அழகுக்குக் கொடுத்த விலை

ஏர்லின் வெற்றிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றினால், நல்லா ஓடுகிற காரே போன வருஷத்துச் சட்டை போலப் பழசாகத் தெரியும். உடனே புதுசு வாங்கத் தோன்றும். ஸ்லோனும் ஏர்லும் இதைத் தெரிந்தே செய்தார்கள். இன்று செல்போன் கம்பெனிகள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

அலுவலகத்தில் அவர் கறாரானவர். ஆறடிக்கும் மேல் உயரம், உரத்த குரல், பயந்து நிற்கும் இளைஞர்கள். ஆனாலும் 1950-களின் நடுவில் பெண் வடிவமைப்பாளர்கள் குழுவை வேலைக்கு எடுத்தவரும் அவரே. அவர் ஓய்வுக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் விலகிப் போனார்கள்.

கடைசியில் அவருடைய பாணியே அவரை முந்தியது. 1956-ல் அவர் வெளிநாடு போயிருந்தபோது, போட்டி நிறுவனமான கிறைஸ்லரின் மெலிந்த புதுக் கார்களை அவருடைய இளம் குழுவினர் வேலி வழியாகப் பார்த்து அதிர்ந்தனர். குண்டான பழைய வரைபடங்களை ஒதுக்கிவிட்டு வேறு வரையத் தொடங்கினர். திரும்பி வந்த ஏர்ல், தன் காலம் மாறுவதை உணர்ந்து ஒப்புக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் உச்சபட்ச வால் கொண்ட 1959 கேடிலாக். 1958 இறுதியில் அவர் ஓய்வு பெற்றார். 1969 ஏப்ரல் 10-ம் தேதி ஃபுளோரிடாவில் காலமானார்.

அந்த 1959 கேடிலாக் சுமார் 5.7 மீட்டர் நீளம், எடை ஏறத்தாழ 2 டன். நேர்ச்சாலைக்குப் பிறந்த அந்தக் கார் ஏற்காடு வளைவுகளில் திணறித்தான் போகும். வால்கள் மறைந்துவிட்டன, குரோமியமும் குறைந்துவிட்டது. ஆனால் ஷோரூமில் மைலேஜ் கேட்பதற்கு முன் காரைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து பார்க்கிறோமே, அந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டவர் ஹார்லி ஏர்ல்.