இருபதாயிரம் பெயர்களை எண்ணியவர்



சென்ற இதழில் சர் எம். விஸ்வேஸ்வரய்யா பற்றி எழுதியதைப் படித்துவிட்டு லிஃப்டிலும் காலை நடையிலும் நிறுத்திப் பேசியவர்களுக்கு முதலில் நன்றி. அடுத்து யார் என்று கேட்டீர்கள். இந்த முறை ஓர் ஆங்கிலேயர். பெயர் தாமஸ் கிளார்க்சன். வில்பர்போர்ஸ் என்ற பெயரைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசுவதற்கு வேண்டிய கணக்கையும் சாட்சியையும் ஊர் ஊராகச் சுற்றிச் சேர்த்துக் கொடுத்தவர் இவர்.

இவரை நான் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் நம் வாட்ஸ்அப் குழுவில், ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்த இரண்டு மாணவர்களுக்கு ஒரு ஃப்ளாட்டை வாடகைக்கு விடலாமா என்று பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வேண்டாம் என்று ஒருவர் போட்ட செய்திக்குக் கட்டைவிரல் போட்டவர்களில் நானும் ஒருவன். அன்று மாலை என் மருமகள் ஒன்று கேட்டாள், அந்தப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேனா என்று. பார்த்ததில்லை. பெயர்கூடத் தெரியாது. முப்பத்தோரு வருடம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். வவுச்சரைப் பார்க்காமல் ஒரு பதிவில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த உறுத்தலில்தான் படிக்க ஆரம்பித்தேன்.

கிளார்க்சன் 1760ஆம் ஆண்டு மார்ச் 28 அன்று, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயரைச் சேர்ந்த விஸ்பீச் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியரும்கூட. மகனுக்கு ஆறு வயதாகும்போதே அவர் காலமாகிவிட்டார். பையன் நன்றாகப் படித்தான். லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி. ஆறடி உயரம், சிவந்த தலைமுடி. தகப்பனாரைப் போலவே திருச்சபையில் சேர்ந்து மரியாதையாக வாழ்வது என்று வழி போட்டாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1781ஆம் ஆண்டின் இறுதியில் ஸாங் என்ற அடிமைக் கப்பலில் இருந்து, 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். குடிநீர் பற்றாது என்பது சொல்லப்பட்ட காரணம். பிறகு கப்பல் முதலாளிகள் காப்பீட்டுத் தொகை கேட்டார்கள். சரக்கு நஷ்டம் என்ற தலைப்பில்! 1783இல் இது லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அது கொலை வழக்காக வரவில்லை, காப்பீட்டு வழக்காகத்தான் வந்தது. இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு கிரான்வில் ஷார்ப் என்ற நல்ல மனிதரின் வீட்டுக் கதவைத் தட்டியவர் ஒலௌடா இக்வியானோ. அவர் தாமே அடிமையாக இருந்தவர். சொந்தமாகச் சில்லறை வியாபாரம் செய்து 40 பவுண்டு சேர்த்து, 1766இல் தம்மைத் தாமே விலை கொடுத்து மீட்டுக்கொண்டவர். இதைச் சொல்வதற்குக் காரணம், கிளார்க்சன் வந்து விளக்கேற்றும் வரை எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. பாதிக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்க ஆள் குறைவு.

1785இல் கேம்பிரிட்ஜ் துணைவேந்தர் பீட்டர் பெக்கார்ட், லத்தீன் கட்டுரைப் போட்டிக்கு ஒரு தலைப்புக் கொடுத்தார். மனிதர்களை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அடிமையாக்குவது முறையா என்பது அதன் பொருள். முந்தைய ஆண்டு வேறொரு போட்டியில் பரிசு வாங்கியிருந்த கிளார்க்சனுக்கு இதையும் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை. அதற்கு மேல் அவருக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை, விஷயமும் தெரியாது. இரண்டு மாதம்தான் அவகாசம். பத்திரிகை விளம்பரத்தில் ஒரு புத்தகத்தின் பெயரைப் பார்த்து, லண்டனுக்கே போய் வாங்கி வந்தார். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய ஆந்தணி பெனஸெட் என்ற ஆசிரியர் எழுதியது அது. அந்த வியாபாரத்தில் இருந்து இறந்துபோன ஒருவரின் காகிதங்களும் கிடைத்தன. மேற்கிந்தியத் தீவுகளில் வேலை பார்த்த அதிகாரிகளையும் விசாரித்தார். படிக்கப் படிக்கப் பரிசு ஆசை போய்த் தூக்கம் கெட்டது. இரவில் தோன்றுவதை எழுதி வைக்க அறையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டே இருக்குமாம்.

முதல் பரிசு கிடைத்தது. கட்டுரையைச் சபையில் வாசித்துவிட்டு, குதிரையில் லண்டனுக்குப் புறப்பட்டார். வழியில் வேட்ஸ்மில் என்ற ஊருக்கு அருகே குதிரையை விட்டு இறங்கி, சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுதியதெல்லாம் உண்மையென்றால் யாராவது ஒருவர் இதற்கு முடிவு கட்டியாக வேண்டுமே என்ற எண்ணம் அங்கே வந்தது. அப்போது வயது 25. அந்த இடத்தில் பின்னாளில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். அந்த நிமிடமே ஞானம் வந்து வீட்டைத் துறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். பல மாதங்கள் தயங்கினார். வேலை, எதிர்காலம் எல்லாவற்றையும் யோசித்தார். முதலில் செய்தது ஒரு சிறு காரியம்தான். லத்தீனில் இருந்தால் யார் படிப்பார்கள் என்று, 1786இல் கட்டுரையை ஆங்கிலத்தில் அச்சுப் போட்டார்.

அதை அச்சிட்ட ஜேம்ஸ் பிலிப்ஸின் அச்சகத்தில்தான் 1787 மே 22 அன்று பன்னிரண்டு பேர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். அதில் ஒன்பது பேர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சேர்க்கும் வேலை கிளார்க்சனுக்கு வந்தது. அடுத்த ஏழு வருடத்தில் அவர் குதிரை மேல் சுற்றிய தூரம் 35,000 மைல்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. அடிமை வியாபாரிகளுக்கு அப்போது ஒரு பெரிய வாதம் இருந்தது. இந்தக் கப்பல்களில்தான் நம் நாட்டு மாலுமிகள் தொழில் கற்கிறார்கள், இதை நிறுத்தினால் கடற்படைக்கு ஆள் கிடைக்காது என்பார்கள். எல்லோரும் நம்பினார்கள், ஒருவரும் சரிபார்க்கவில்லை. கிளார்க்சன் பிரிஸ்டலுக்குப் போய், வணிகர் மன்றத்தில் இருந்த கப்பல் ஆள்பதிவேடுகளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு கப்பலிலும் யார் ஏறினார், எப்போது இறங்கினார், யார் ஓடிப்போனார், யார் செத்தார் என்ற பதிவு அது. நம் மஸ்டர் ரோல்தான். நாள் கணக்கில் உட்கார்ந்து பெயர் பெயராகக் குறித்தார். பிரிஸ்டலில் முடித்து லிவர்பூல், பிறகு மற்ற ஊர்கள். மொத்தம் 20,000 மாலுமிகளுக்கு மேல்.

கணினி வருவதற்கு முன் வங்கியில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அரையாண்டு முடிவில் சேமிப்புக் கணக்கு லெட்ஜரை டேலி செய்யும்போது ஒரு கிளையில் ஆயிரம் இரண்டாயிரம் பெயருக்கே நமக்குக் கண் இருட்டும். பத்து ரூபாய் வித்தியாசத்துக்காக இரவு பத்து மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். இவர் விளக்கு வெளிச்சத்தில் இருபதாயிரம் பெயரைத் தனியாகக் கூட்டினார். கடைசியில் கிடைத்த விடை இதுதான்: பிரிஸ்டலின் மூன்று அடிமைக் கப்பல்களில் இறந்த மாலுமிகள், அதே காலத்தில் அந்தத் துறைமுகத்தின் மற்ற எல்லாக் கப்பல்களிலும் சேர்த்து இறந்தவர்களைவிட அதிகம். தொழில் கற்கும் இடம் என்று சொன்னது சுடுகாடாக இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு நெருடல். கப்பலின் அடித்தளத்தில் சங்கிலியில் கிடந்தவர்களின் சாவு போதாமல், வெள்ளை மாலுமிகளின் சாவைக் காட்டித்தான் நாடாளுமன்றத்தை அசைக்க வேண்டியிருந்தது. கிளார்க்சனுக்கு இது தெரியாமல் இல்லை. அவர் இரண்டு கணக்கையும் கொண்டுபோனார்.

அவர் கையில் எப்போதும் ஒரு பெட்டி இருக்கும். லண்டனில் ஆப்பிரிக்க வியாபாரக் கப்பல் ஒன்றில் ஏறியபோது தந்தம், மிளகு, அழகான நெசவுத் துணி எல்லாம் பார்த்தார். காட்டுமிராண்டிகள் என்று சொல்லப்பட்ட மக்கள் நெய்த துணி! அவற்றில் மாதிரி வாங்கிப் பெட்டியில் போட்டார். லிவர்பூலில் ஒரு கடையில் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் கருவி, சாப்பிட மறுக்கும் கைதியின் வாயை நெம்பித் திறக்கும் கருவி எல்லாம் சாதாரணச் சாமான் போல விற்பனைக்கு இருந்தன. அவற்றையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார். யாராவது ஆப்பிரிக்கர்களுக்கு அறிவில்லை என்றாலோ, கப்பலில் அவர்கள் சௌகரியமாக இருக்கிறார்கள் என்றாலோ, பெட்டியைத் திறந்துவிடுவார். 1788இல் அரசு விசாரணைக் குழுவின் முன்னும் அந்தப் பெட்டி திறந்தது.

லிவர்பூல் துறைமுகத்தில் எட்டொன்பது பேர் சேர்ந்து அவரைக் கடலில் தள்ளப் பார்த்தார்கள். இடித்துக்கொண்டு தப்பினார். சாட்சி சொல்லப் பலர் பயந்தார்கள், ஒப்புக்கொண்டவர்களில் சிலர் பின்வாங்கினார்கள். ஆப்பிரிக்க ஆற்றுக்குள் படகில் போய் ஆள் பிடிப்பதைக் கண்ணால் பார்த்த ஒரு மாலுமி இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பெயர் தெரியாமல், துறைமுகம் துறைமுகமாகக் கப்பல் ஏறி இறங்கித் தேடினார். கடைசி நம்பிக்கையாகப் போன பிளிமத்தில் ஆள் கிடைத்தார். ஐசக் பார்க்கர் என்ற அந்த மாலுமி நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார்.

புரூக்ஸ் என்ற கப்பலின் வரைபடத்தை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். மனிதர்களை மத்திப் பெட்டி போல வரிசையாக அடுக்கிய படம். அதைப் பிளிமத் குழு முதலில் போட, லண்டன் குழு 1789இல் விரிவாக்கிப் பரப்பியது. அப்போதைய சட்டம் அந்தக் கப்பலில் அனுமதித்தது 454 பேர். அதற்கு முன் 609 பேர் வரை ஏற்றியிருக்கிறார்கள். அதே ஆண்டு இக்வியானோ தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். கிளார்க்சன் முன்பணம் கட்டிப் பிரதி வாங்கினார். கேம்பிரிட்ஜில் தமக்குத் தெரிந்தவர்களுக்கு அறிமுகக் கடிதமும் கொடுத்தார். தாமே பேசிக்கொண்டிருக்காமல், சொல்ல வேண்டியவருக்கு மேடை போட்டுக் கொடுத்தது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

1791இல் மசோதா 163க்கு 88 என்று தோற்றது. பெரியவர்கள் கைவிட்டதும் சமையலறைகள் எழுந்தன. மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்காமல் நிறுத்தினார்கள் மக்கள். வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரத்தில் போட்ட கணக்கு: வாரம் ஐந்து பவுண்டு எடை சர்க்கரை வாங்கும் குடும்பம் 21 மாதம் நிறுத்தினால் ஒரு மனிதர் அடிமையாவதைத் தடுக்கலாம். வோட்டுரிமை இல்லாத பெண்கள் கையில் இருந்த ஒரே வோட்டு மளிகைச் சீட்டு. அப்படி நிறுத்தியவர்கள் மூன்று லட்சம் பேர் இருப்பார்கள் என்று கிளார்க்சன் தம் பயணத்தில் கணித்தார். அடிமைகள் விளைவிக்காதது என்று சொல்லி நம் இந்தியச் சர்க்கரையைக் கடைக்காரர்கள் விற்றதும் அப்போதுதான்.

1794இல் உடம்பு விட்டுவிட்டது, கைப்பணமும் கரைந்துவிட்டது. ஏரி மாவட்டத்தில் போய்த் தங்கினார். 1796இல் கேத்தரின் பக் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார், ஒரு மகன். சில ஆண்டுகள் கழித்து மறுபடி வந்து வேலையைத் தொட்டார். 1807இல் அடிமை வியாபாரத்தைத் தடுக்கும் மசோதா 283க்கு 16 என்று தேறியது. ஆனால் ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். அறுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் மீண்டும் ஊர் சுற்றக் கிளம்பினார். அவர்களுக்கான சட்டம் வந்தது 1833இல்.

அந்தச் சட்டத்தின் வரவு செலவைப் பாருங்கள். முதலாளிகளுக்கு நஷ்ட ஈடு இரண்டு கோடி பவுண்டு. உழைத்தவர்களுக்குப் பூஜ்யம். அதற்காகப் பிரிட்டிஷ் அரசு வாங்கிய கடனின் கடைசிப் பாக்கி தீர்ந்தது 2015இல், அதாவது நான் வேலையில் இருந்த காலம் வரை அந்தக் கணக்கு மூடப்படவில்லை. தோட்ட வேலைக்கு மாற்று ஆளாக மொரீஷியஸுக்கும் கயானாவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் நம் தமிழ் மக்களும் உண்டு.

இன்னொரு நிகழ்ச்சி. ஹைட்டி நாட்டில் அடிமைகள் புரட்சி செய்து சுதந்திரம் பெற்றார்கள். அதன் ஒரு பகுதியை ஆண்ட அரசர் ஹென்றி கிறிஸ்தோஃபும் கிளார்க்சனும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். 1820இல் அரசர் இறந்ததும் அரசி மரி லூயிஸும் இரண்டு மகள்களும் இங்கிலாந்துக்கு வந்தார்கள். அடிமை ஒழிப்புக்குப் பணம் கொடுத்தவர்கள் நிறையப் பேர். தங்கள் வீட்டைத் திறந்தவர்கள் கிளார்க்சனும் கேத்தரினும். சஃபோக் மாவட்டத்தில் பிளேஃபோர்ட் ஹால் என்ற அவர்கள் வீட்டில் மூன்று கறுப்பினப் பெண்களும் குடும்பத்தோடு குடும்பமாக மாதக்கணக்கில் இருந்தார்கள். 1807 வெற்றியின்போது கிளார்க்சனைப் புகழ்ந்து கவிதை எழுதியவர் மகாகவி வேர்ட்ஸ்வொர்த். அதே வேர்ட்ஸ்வொர்த் வீட்டிலிருந்து இப்போது அந்த அரசியைக் கேலி செய்து பாட்டு எழுதி அனுப்பினார்கள், பழகிய நண்பர்கள்தானே என்ற உரிமையில். இந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன். நம் குழுவில் அன்று நானும் நண்பர்களோடு நண்பராகத்தான் விரலைத் தட்டினேன். அந்த மாணவர்கள் வேறு எங்கோ வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே என்று விசாரித்தும் தெரியவில்லை.

1840இல் லண்டனில் நடந்த உலக அடிமை ஒழிப்பு மாநாட்டை 80 வயதில் தொடங்கி வைத்தார் கிளார்க்சன். 1846 ஆகஸ்டில், அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் பிளேஃபோர்டுக்கு வந்து அவரைப் பார்த்தார். அடுத்த மாதம் 26ஆம் தேதி கிளார்க்சன் அதே வீட்டில் காலமானார்.

அந்தப் பெட்டி இன்றும் விஸ்பீச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் குடியிருப்பில் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருப்பவர்கள் சில பேர் இருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது, கேம்பிரிட்ஜ் வரை போனால் விஸ்பீச் தூரமில்லை. ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். அதில் இருக்கும் ஆப்பிரிக்க நெசவுத் துணி என்ன நிறம் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.