மேலே கூரை கூட இல்லை! சந்துக்குள் தூங்கும் டெல்லி ராணி ரசியா

டெல்லி துர்க்மான் கேட் அருகே புல்புலி கானா என்று ஒரு இடம். சின்னச் சின்ன சந்துகள். வழி கேட்டு கேட்டுத்தான் போகணும். சுற்றிலும் மாடி வீடுகள். நடுவே திறந்தவெளியில் 2 சமாதிகள். மேலே கூரை கிடையாது.

அதில் ஒன்று, டெல்லி சுல்தான்களில் ஒரே பெண்ணான ரசியாவின் சமாதி என்கிறார்கள். பக்கத்தில் இருப்பது அவரது சகோதரியாம்.

அப்பாவின் முடிவு

ரசியாவின் அப்பா சுல்தான் இல்துமிஷ். ஆம்பளைப் பிள்ளைகள் இருந்தும், ஆட்சி நடத்த லாயக்கானவர் மகள்தான் என்று முடிவு கட்டினார். ஆனால் 1236-ல் அவர் கண்ணை மூடியதும், பிரபுக்கள் மகன் ருக்னுதீனை அரியணை ஏற்றிவிட்டனர்.

அவரோ ஆட்டம் பாட்டம் என்று கஜானாவை கரைத்தார். அதிகாரம் அவரது தாயார் ஷா துர்கான் கைக்குப் போனது. ரசியாவை தீர்த்துக்கட்டவும் திட்டம் போட்டார்கள். ரசியா நேராக ஜனங்களிடம் போய் நியாயம் கேட்டார். கொதித்துப்போன டெல்லி மக்கள் அரண்மனைக்குள் புகுந்தனர். ருக்னுதீன் ஆட்சி 7 மாதம்கூட தாங்கவில்லை. ரசியா சுல்தான் ஆனார்.

கடுப்பான பிரபுக்கள்

முகத்திரையை எடுத்தார். ஆண்களைப் போல அங்கி, குல்லாய் அணிந்து யானை மீது ஊர்வலம் வந்தார். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த யாகூத்துக்கு குதிரை லாயத்தின் தலைமைப் பதவி கொடுத்தார். அவ்வளவுதான். துருக்கிய பிரபுக்களுக்கு வயிறு எரிந்தது.

1240-ல் பட்டிண்டா கவர்னர் அல்துனியா கலகம் செய்தார். அடக்கப் போன இடத்தில் யாகூத் கொல்லப்பட்டார். ரசியா சிறை வைக்கப்பட்டார். டெல்லியில் இன்னொரு சகோதரர் பஹ்ராம் சுல்தான் ஆக்கப்பட்டார்.

ரசியா அசரவில்லை. சிறை வைத்த அல்துனியாவையே கல்யாணம் செய்து, படை திரட்டி டெல்லிக்கு கிளம்பினார். ஆனால் தோல்வி. அதே ஆண்டு, இன்றைய அரியானாவின் கைத்தல் அருகே இருவரும் கொல்லப்பட்டனர். மூன்றரை வருட ஆட்சி முடிந்தது.

3 ஊர் போட்டி

சமாதி எங்கே என்பதில் இன்றுவரை இழுபறி. கைத்தலும், ராஜஸ்தானின் டோங்க்கும் எங்க ஊர்லதான் என்கின்றன. டெல்லி சமாதியை தொல்லியல் துறை பாதுகாக்கிறது.

அப்பா இல்துமிஷின் சமாதி குதுப்மினார் பக்கத்தில் சிற்ப வேலைப்பாடுகளோடு ஜொலிக்கிறது. மகளுக்கு வெறும் கல் மேடுதான். அரியணையில் ஏற்றிய ஜனங்கள் வாழும் சந்துக்குள்ளேயே, அவர்களில் ஒருவராக கிடக்கிறார் ரசியா.