மார்பியாவைக் கண்ட ஸெர்ட்டூர்னர்

வேதனையால் கண்மூடாத நோயாளரை அபினியால் உறங்கச் செய்தல் பண்டைக்கால முதல் உண்டு. ஆயின் அபினியின் வீரியம் கட்டிக்குக் கட்டி வேறுபடும்; ஒருநாள் பயன்படாது போன அளவே மற்றொருநாள் உயிரைக் கொள்ளும். இக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் பெரும் பண்டிதரல்லர். மருந்துக்கடையில் ஏவல் செய்த ஓர் இளைஞரே.

பிரடெரிக் ஸெர்ட்டூர்னர் ஜெர்மனி தேசத்துப் பாடர்போர்ன் நகரையடுத்த நொய்ஹௌஸில் 1783-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, மருந்துக்கடையொன்றில் தொழில் பயின்றார். ஆங்கு அபினியை ஆராய்ந்து, 1805-ஆம் ஆண்டளவில் உறக்கந்தரும் அதன் சாரத்தைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அறிஞருலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

பின்னர் அவர் செய்ததை வியப்பதா, வெறுப்பதா என்று நாம் திகைக்கின்றோம். தாமும், பதினேழு வயது நிரம்பாத மூவரும் அரைக் கிரெயின், அஃதாவது ஏறத்தாழ 30 மில்லிகிராம், உட்கொண்டனர். முகம் சிவந்தது. அரைமணியில் மீண்டும் அரைக் கிரெயின். குமட்டலும் தலைக்கிறக்கமும் கண்டன. கால்மணி கழித்து மூன்றாம் முறை! அனைவரும் சோர்ந்து சாயவே, ஸெர்ட்டூர்னர் அஞ்சிக் காடியைக் குடிப்பித்து வாந்தியெடுக்கச் செய்தார். நால்வரும் பிழைத்தனர். அச்சிறுவரை இதில் ஈடுபடுத்தியது தகாதென்பதே நம் கருத்து.

எனினும், நிறுத்தளந்து கொடுக்கத்தக்க மருந்து அன்றுதான் உலகிற்கு வாய்த்தது. கிரேக்கர்தம் கனவுத் தெய்வமாகிய மார்பியஸின் பெயரை அதற்கிட்டு, 1817-இல் இச்சோதனையை வெளியிட்டார். பாரிஸ் ரசாயன நிபுணர் கே-லுஸாக் அதன் அருமையை உணர்த்தினார்; 1831-இல் பிரெஞ்சு வித்துவ சபை 2,000 பிராங்கு பரிசளித்தது. அளவு மிகின் சுவாசத்தை ஒடுக்குவதும், பழகினாரை அடிமை கொள்வதும் அம்மருந்தின் இயல்பு. ஸெர்ட்டூர்னர் 1841-இல் ஹாமெலின் நகரில் மருந்துக்கடைக்காரராகவே காலமானார்.