உடுவில் அக்னியூ அம்மையார்

மதுரை மாநகரின் வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் பெருஞ்சாலையை அடுத்து விளாங்குடி என்னும் ஊர் உளது. காலை வேளையில் அச்சாலையோரம் சிறிது நேரம் நிற்பவர், பள்ளிக்குச் செல்லும் பெண்மக்களைத் திரள் திரளாகக் காண்பர். நடந்து செல்வோர் சிலர். பேருந்துக்குக் காத்து நிற்போர் சிலர். தாயாரோ தந்தையாரோ வண்டியிற் கொண்டுபோய் விடச் செல்வோர் பலர். இக்காட்சியை நின்று நோக்குவார் ஒருவரும் இலர், அத்துணை இயல்பாகிவிட்டது. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது மாத்திரமன்று. அப்பள்ளியின் விழாவுக்குப் பொருள் தருவதும், பெற்றோர் கூட்டத்துக்குத் தம் வேலையை விட்டு வருவதும், தாம் பயின்ற பள்ளிக்குப் பழைய மாணவியர் கூடிக் கட்டடம் எழுப்பிக் கொடுப்பதும் இன்று நம் நாட்டிற் புதுமையல்ல. ஆனால், பெண்ணைப் படிப்பிக்க இசையும் பெற்றோர் ஒருவரேனும் கிடைப்பரோ என்று பள்ளி வைத்தோர் வீடு வீடாய்த் தேடித்திரிந்த காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் தொடங்கிய ஒரு பாடசாலையை, அதிற் பயின்ற பெண்களின் கையிலேயே ஒப்புவித்துச் சென்ற ஒரு அம்மையாரின் சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அவர் மதுரையில் வாழ்ந்தவர் அல்லர். ஆயினும் மதுரைக்கு முற்றும் அயலாரும் அல்லர். 1834-ம் ஆண்டு மதுரையில் அமெரிக்க மிஷன் ஊழியத்தைத் தொடங்கிய பாதிரிமார், யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். ஆகவே மதுரை மிஷனுக்குத் தாய்வீடு யாழ்ப்பாணம் எனலாம். அவ் யாழ்ப்பாணத்து உடுவில் என்னும் ஊரில் நாற்பதாண்டு பெண்களுக்குக் கல்வி புகட்டிய எலைசா அக்னியூ அம்மையாரே நாம் குறித்தவர்.

அவர் அங்கு வருமுன் இருந்த நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலையை 1824-ம் ஆண்டில் தொடங்கியவர் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார். பின்னாளில் பெரிய தமிழ் அகராதியை 1862-ல் வெளியிட்ட மிரன் வின்ஸ்லோ பாதிரியாரின் மனைவியார். ஆசியாக் கண்டத்தின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் இஃது ஒன்று. எழுத்தறிவு கோயில் நடனமாதர்க்கே உரியது, குடிப்பிறந்த பெண்ணுக்கு அது இழுக்கு என்பது அக்காலத்தார் கொள்கை. படித்த பெண்ணை மணப்பவர் யார் என்பது பெற்றோர் கேட்ட கேள்வி. ஒருநாள் மாலை மழைக்கு அஞ்சி மிஷன் வீட்டில் ஒதுங்கிய சிறுமியர் இருவரைக் கொண்டே விடுதி தொடங்கிற்று என்று ஒரு வரலாறு அவ்வூரில் வழங்குகிறது. அன்றிரவு அங்குத் தங்கி உணவும் கொண்ட பிள்ளைகளைத் தேடிவந்த பெற்றோர் முதலிற் சினந்து, பின்னர் அப்பிள்ளைகள் எழுத்துக் கற்பதைக் கண்டு மனமிளகினர் என்பர். கதை எவ்வாறாயினும் ஆகுக. பெற்றோர் மனமிளகினாலன்றிப் பள்ளி நில்லாது என்பதை அது நன்கு உணர்த்துகின்றது.

மனமிளகச் செய்ய மிஷனார் கையாண்ட வழிகளை இன்று எண்ணினால் நமக்கு வியப்பும், ஓரளவு வருத்தமும் உண்டாகும். பிள்ளைக்கு ஊணும் உடையும் இலவசம். படிப்பு முடிந்து கிறிஸ்தவ வாலிபனை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமும் பாடசாலையே கொடுத்தது. யாழ்ப்பாணத்திற் சீதனம் எத்துணைப் பெரிய காரியம் என்பதை அறிந்தோர்க்கு இதன் கவர்ச்சி விளங்கும். அமெரிக்காவிற் பொருளுதவிய ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவதும் அக்காலத்து வழக்கம். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற தமிழறிஞர் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகியோர் பெயர்களின் முன்பாதி இவ்வாறு வந்ததே. உடுவிற் பெண்களும் இவ்வண்ணமே கடலுக்கப்பாலுள்ளாரின் பெயர்களைச் சுமந்தனர். பெற்றோர் இட்ட பெயரை மாற்றி, பெற்றோர் தரவேண்டிய சீதனத்தைத் தானே தந்து நின்ற பள்ளி, பெற்றோரின் பள்ளி ஆகுமா? ஆகாது என்பதே எம் கருத்து. அதனைப் பெற்றோருடையதாக ஆக்கும் வேலை பின்வந்தவர்க்கு எஞ்சி நின்றது.

ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் 1833-ல் இறந்துபடவே, லெவி ஸ்பால்டிங் பாதிரியாரும் அவர் மனைவியாரும் உடுவிலின் பொறுப்பை ஏற்றனர். அவர்களுக்குத் துணையாக வந்து சேர்ந்தவரே அக்னியூ அம்மையார்.

அவர் 1807-ம் ஆண்டு பெப்ருவரி மாதம் 2-ம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்தார். எட்டு வயதில் ஒருநாள் பள்ளியிற் பூகோள பாடம் நடந்தது. ஆசிரியர் தேசப்படத்தில் இந்து மகா சமுத்திரத்திலுள்ள ஒரு சிறு தீவைச் சுட்டிக்காட்டி, இந்தியாவுக்கு ஊழியம் செய்ய வந்து இளவயதிலேயே 1812-ல் இறந்த ஹாரியட் நியூவெல் என்பவர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்றார். பிரான்சுத் தீவு என்று அந்நாளில் வழங்கிய அதுவே இன்றைய மொரீசியசு. தானும் அவ்வாறே கீழ்த்திசைக்குச் செல்லவேண்டும் என்று அச்சிறுமி அன்றே உறுதி பூண்டாள். எட்டு வயதுப் பிள்ளைகள் எத்தனையோ உறுதிகள் பூணுவதுண்டு. அவை பெரும்பாலும் ஒன்பதாம் வயது வரை நில்லா. இது நின்றது. ஆயினும் பெற்றோர் உயிரோடிருக்கும்வரை அவர்களை விட்டகலாது பணிவிடை செய்தார். அவர்கள் காலமான பின்னரே, 1839-ல், தம் முப்பத்திரண்டாம் வயதிற் கப்பலேறினார். நெடும் பிரயாணத்தின் பின் 1840-ம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

மணமாகாத பெண் ஒருத்தி தனியே கடல் கடந்து வந்து ஊழியம் புரிதல் அந்நாளில் அமெரிக்கருக்கே புதிது. யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கோ அது விளங்காப் புதிராய் இருந்திருக்கும். கணவனும் பிள்ளையும் இன்றி ஒருத்தி வாழ்தல் கைம்மையினும் இரங்கத்தக்கதென்று எண்ணிய சமூகம் அது. ஆனால் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். மற்ற மிஷனரி அம்மையார் பலர், தம் பிள்ளைகளைப் படிப்பிக்கவும் உடல்நலம் கருதியும் இடையிடையே தாய்நாடு திரும்ப நேர்ந்தது; பலர் நோயுற்று மடிந்தனர். அக்னியூ அம்மையாரோ வந்தவர் வந்தவரே. நாற்பத்துமூன்று ஆண்டுகளில் ஒருமுறையேனும் தாய்நாட்டை அவர் திரும்பிப் பார்த்தவரல்லர். ஓய்வுக்காக ஊர் திரும்பாதது ஏன் என்று வினவியவர்க்கு, அதற்கு நேரமில்லை, வேலை மிகுதி என்ற பொருள்படவே விடை தந்தாராம்.

பள்ளியில் வாசிப்பு, எழுத்து, கணிதம், பூகோளம், வேதபாடம், தையல் ஆகியன கற்பிக்கப்பட்டன. இவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்நாளைய மிஷன் பாடசாலைகள் எல்லாவற்றிலும் இவையே பாடங்கள். அக்னியூ அம்மையாரின் தனிச்சிறப்பு வகுப்பறைக்கு வெளியே கிடக்கின்றது.

விடுமுறை வந்தால் ஆசிரியர் இளைப்பாறுவர், அது குற்றமன்று. இவ்வம்மையாரோ விடுமுறை வந்ததும் ஊர் ஊராகப் புறப்பட்டார். படிப்பு முடித்து மணமாகிச் சென்ற மாணவியர் எந்தெந்தக் கிராமத்தில் வாழ்கின்றனர் என்று அறிந்து, அவ்வவ் வீட்டுக்கே சென்று அவர்களைக் கண்டார். யாழ்ப்பாணத்து வீடுகள் உயர்ந்த வேலிகளின் உள்ளே அமைந்தவை. பெண்களைப் பிற ஆடவர் எளிதிற் காண்பதும் பேசுவதும் அந்நாளில் இல்லை. பாதிரியார் தெருவில் நின்று பிரசங்கிக்கலாம். வேலியின் உட்புறம் அவர் குரலுக்கு எட்டாது. தம் மாணவியின் வீட்டுப்படலை அக்னியூ அம்மையாருக்குத் திறந்தே இருந்தது. அம்மாணவியின் மாமியாரும், நாத்தனாரும், அயல்வீட்டுப் பெண்களும் வந்து கூடினர். பெண் படித்தால் வீடு கெடும் என்று அஞ்சியவர்கள், படித்த மருமகள் ஒருத்தி சோறாக்கிப் பிள்ளை வளர்த்துக் கணக்கும் எழுதுவதைத் தம் கண்ணாரக் கண்டனர். இதனினும் சிறந்த விளம்பரம் எப்பள்ளிக்குக் கிடைக்கும்?

பழைய மாணவியரை நினைந்து ஆண்டுக்கொருமுறை ஒரு கடிதம் விடுப்பதோடு நம் காலத்துப் பள்ளிகள் பல அமைந்துவிடுகின்றன. அதுவும் பெரும்பாலும் நன்கொடை வேண்டியபோது. அக்னியூ அம்மையார் கொடுக்கச் சென்றாரேயன்றிக் கேட்கச் செல்லவில்லை. கேளாமலே கிடைத்தது யாதெனில், அம்மாணவியர் தம் பெண்பிள்ளைகளைக் கையிற் பிடித்துக் கொண்டுவந்து உடுவிலிற் சேர்த்தனர். தாய்க்குக் கற்பித்தவர் மகளுக்குக் கற்பித்தார். சிலவிடத்து மகளின் மகளுக்கும் கற்பித்தார். மூன்று தலைமுறைக்கு ஒரே ஆசிரியை! இவ்வாறு அவரிடம் பயின்ற பெண்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்ற பெயர் அவருக்கு வழங்கலாயிற்று.

அப்பெண்களுட் பலர் வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்தேறிய வாலிபரை மணந்தனர். கணவர் உபாத்தியாயராகவோ, உபதேசியாராகவோ, அரசாங்க உத்தியோகஸ்தராகவோ சென்ற ஊர்களில் மனைவியர் சிறுமியரைக் கூட்டி வைத்து எழுத்துக் கற்பித்தனர். வேறு சிலர் வீடு வீடாய்ச் சென்று பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டும் பணியில் அமர்ந்தனர். அவர்கள் வாழ்ந்த வீடு ஒவ்வொன்றும் உடுவிலின் கிளை போலாயிற்று.

இடையில் ஒரு பெருஞ்சோதனை நேர்ந்தது. 1855-ல் அமெரிக்காவிலிருந்து வந்த மேலாளர் குழுவினர், மிஷன் பள்ளிகளில் ஆங்கிலக் கல்வி மிகுந்து சமய ஊழியம் குறைகின்றது என்று முடிவு செய்தனர். அவ்வாண்டிலேயே, கீழ்நாட்டிற் புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலம் நிறுத்தப்பட்டு மாணவியர் தொகையும் குறைக்கப்பட்டது. தாய்மொழிக்கே முதலிடம் வேண்டும் என்ற அவர்கள் கொள்கையை நாம் முழுதும் பழிக்க மாட்டோம். ஆயினும், கல்வியைச் சுவைக்கத் தொடங்கிய ஒரு நாட்டின் பெற்றோரைக் கேளாமல், பதினாயிரம் மைலுக்கு அப்பாலுள்ளவர் அக்கல்விக்கு அளவு வகுத்தது நேரிதன்று. செமினரி மூடியதும் வாலிபர் வேறு வழி தேடினர். உடுவில் மூடப்படாமையாற் பெண்கள் பிழைத்தனர். அக்குறைந்த நிலையிலும் அம்மையார் தம் விடுமுறைப் பயணங்களை விட்டாரல்லர்.

பின்பு மெல்ல மெல்ல நிலைமை மாறிற்று. சீதனம் கொடுக்கும் வழக்கம் ஒழிந்தது. இலவச ஊணும் உடையும் குறைந்தன. பிள்ளையின் செலவைப் பெற்றோரே ஏற்கலாயினர். வருமாறு கூலி கொடுத்து அழைக்க வேண்டியிருந்த இடத்திற்குத் தாமே பொருள் கொண்டு வந்து பிள்ளையை விட்டுச் சென்றனர் என்றால், ஐம்பது ஆண்டுகளில் நேர்ந்த மாறுதல் சிறிதோ? தாய்மார் தாமும் அங்குப் பயின்றிராவிடில் இஃது நேர்ந்திருக்குமென்று எம்மால் எண்ண முடியவில்லை.

குறையும் ஒன்று கூறாது விடுதல் நீதியன்று. விடுதியிற் சேர்ந்தவருட் பெரும்பாலோர் வேளாண்குடிப் பெண்களே. ஒடுக்கப்பட்ட குடிகளின் பெண்களுக்கு அவ்வாயில் நெடுங்காலம் அகலத் திறக்கவில்லை. அன்றியும், பயின்றவருள் அறுநூற்றுக்கு மேற்பட்டார் கிறிஸ்தவராயினர் என்பது மிஷனார் மகிழ்ந்து கூறும் கணக்கு. அதே கணக்கு சைவப் பெற்றோர் பலருக்கு மனவேதனையாயிற்று என்பதையும் நாம் மறத்தல் கூடாது. ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலைகளை நிறுவ எழுந்ததற்கு இவ்வேதனையே ஒரு காரணம். பின்னாளில், உடுவிலுக்கு அணித்தே மருதனார்மடத்தில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-ல் சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரி கண்டார். பெண்ணுக்குக் கல்வி வேண்டுமா என்ற வழக்கு அதற்குள் முடிந்துபோயிற்று. எந்தக் கல்வி என்ற வழக்கே எஞ்சியிருந்தது.

ஸ்பால்டிங் பாதிரியார் அரை நூற்றாண்டுக்கு மேல் தொண்டு செய்து 1873-ல் உயிர்நீத்தார். அக்னியூ அம்மையார் 1879-ல், தம் எழுபத்திரண்டாம் வயதில், பாடசாலைப் பொறுப்பினின்றும் விலகினார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற ஹௌலண்டு அம்மையார் மிஷனரி ஒருவரின் மகளார். ஓய்வு பெற்ற பின்னரும் தாய்நாடு செல்ல நினையாது, மானிப்பாயில் லீச் சகோதரிகள் இருவரோடு அக்னியூ அம்மையார் வசித்தார். தம் பழைய மாணவியரின் பெயர்களும் அவர்தம் பிள்ளைகளின் செய்திகளுமே அம்முதுமையில் அவருக்குச் செல்வம்.

1883-ம் ஆண்டு ஜூன் மாதம் நோய் கடுமையாயிற்று. படுக்கையருகே வந்த ஊழியர் எதற்காகச் செபிக்க வேண்டும் என்று வினவியபோது, தம் வேதனை தணியும்படி அவர் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காகச் செபிக்குமாறே வேண்டினார். அம்மாதத்திலேயே காலமானார். அவருக்கு அந்நாட்டில் உற்றாரென்று ஒருவரும் இலர். அடக்கத்துக்கோ நூற்றுக்கணக்கான பெண்கள் ஊர்தோறுமிருந்து வந்து, பெற்ற தாயை இழந்தவர் போல் அழுதனர்.

உடுவிற் பாடசாலை உடுவில் மகளிர் கல்லூரி என்னும் பெயரோடு 2024-ல் தன் இருநூறாம் ஆண்டை எய்தியது. இலங்கையிற் போர் நிகழ்ந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தார் பலர் உலகெங்கும் சிதறினர். அவ்வாறு சென்று பிற நாடுகளில் குடியேறிய உடுவிலின் பழைய மாணவியர் அங்கங்கே சங்கமாய்க் கூடித் தம் பள்ளிக்குப் பொருள் அனுப்பி வருகின்றனர். ஒருகால் அமெரிக்காவிலிருந்து பணமும் பெயரும் உடுவிலுக்கு வந்தன. இப்பொழுது பணம் அனுப்புவோர் உடுவிலின் மக்களே.