ஆளுநராக வந்த அரசர்

சென்ற ஆண்டு நம் கல்லூரி வரலாற்று மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. ஐரோப்பாவில் முழு முடியாட்சி இன்றளவும் நிலைத்திருக்கக் கூடுமா என்பது தலைப்பு. கூடும் என்ற அணியில் ஏனாத்தூரிலிருந்து வரும் அடியேனும் ஒருவன். பிரான்சின் பதினாறாம் லூயியும் ருஷ்யாவின் இரண்டாம் நிக்கோலாசும் நல்லவர்களாகவும் வல்லவர்களாகவும் இருந்திருந்தால் அவர்தம் மணிமுடிகள் உருண்டிரா என்று முழங்கினேன். கைதட்டலும் கிடைத்தது. கூட்டம் கலைந்தபின் எங்கள் பேராசிரியர் என்னை அழைத்து, பக்கத்து மைசூரில் நல்ல அரசர்களே ஆண்டார்கள், அவர்கள் ஆட்சி என்னவாயிற்று என்று பார்த்து வரும்படி சொன்னார். அப்படி நான் நூலகத்தில் கண்டெடுத்தவர்தாம் ஜெயசாமராஜேந்திர உடையார்.

1919 ஜூலை 18-ஆம் நாள் மைசூரில் பிறந்த இவர், மைசூர் மகாராஜா கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்றார். பெரியதந்தை நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆண் வாரிசு இல்லை. 1940 மார்ச்சில் தந்தையும், ஆகஸ்டில் பெரியதந்தையும் மறைய, இருபத்தொரு வயதில் அரியணை ஏறினார்.

அவருக்குக் கிடைத்த நாடு சாதாரண நாடன்று. 1902-இலேயே சிவசமுத்திரத்தில் நீரிலிருந்து மின்சாரம் எடுத்த நாடு. விசுவேசுவரய்யா திவானாக இருந்த நாடு. 1881-லேயே அங்கே பிரதிநிதிகள் சபை ஒன்று தொடங்கப்பட்டது. ஆனால் அச்சபை பேசலாம், முறையிடலாம். திவானை நீக்க அதனால் ஆகாது. திவானை நியமிப்பவர் மன்னர். திவான் பதில் சொல்ல வேண்டியதும் மன்னருக்கே. நிக்கோலாசும் 1906-இல் டூமா என்ற சபையைக் கூட்டினார். அது தம் பேச்சைக் கேளாதபோது கலைத்தார். வேறுபாடு ஒன்றுண்டு: மைசூர் அரியணைக்குப் பின்னே பிரிட்டிஷ் படை நின்றது. ருஷ்யாவில் 1917-இல் மன்னரின் சொந்தப் படையே திரும்பிக்கொண்டது.

இங்கேதான் என் வாதம் இடறியது. கிருஷ்ணராஜரை நல்ல மன்னர் அல்லர் என்று யாரும் சொல்லத் துணியார். அவர் காலத்திலேதான் 1938 ஏப்ரலில் விதுராசுவத்தத்தில் காங்கிரஸ் கொடியேற்றத் திரண்ட மக்கள் மீது போலீசார் சுட்டனர். மின்விளக்கும் அணைக்கட்டும் பெற்ற மக்கள் வேறென்ன கேட்டார்கள்? பொறுப்பாட்சி கேட்டார்கள்.

1947 ஆகஸ்டில் ஜெயசாமராஜேந்திரர் இந்திய யூனியனில் சேரும் பத்திரத்தில் கையொப்பமிட்டார். ஆனால் உள்நாட்டு அதிகாரத்தை மக்களிடம் தரவில்லை. அப்போது திவான் நம் ஆற்காடு இராமசாமி முதலியார். செப்டம்பரில் 'மைசூர் சலோ' கிளர்ச்சி வெடித்தது. மாணவர்கள் வகுப்பை விட்டு வீதிக்கு வந்தனர். மைசூர் நகரில் மாணவர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். நம் வயதொத்த அந்த மாணவரைப் பற்றிப் படித்த அன்று, என் பட்டிமன்றப் பேச்சைத் திரும்ப எடுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அக்டோபரில் மன்னர் இசைந்தார், கே. சி. ரெட்டி முதலமைச்சரானார். பிரிட்டிஷ் குடை மடங்கிய பின் அந்த முடியாட்சி தாங்கியது ஏறத்தாழ பத்து வாரம்.

இதற்குமேல் வருவதுதான் வியப்பு. அதிகாரம் போனது, மனிதர் மங்கவில்லை. 1950 முதல் ராஜப்பிரமுகர், 1956 முதல் மைசூர் ஆளுநர். 1964-இல் சென்னைக்கு ஆளுநராக வந்தார். திவானுக்கு ஆணையிட்டவர், நம் ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதி உறுப்பினரான முதலமைச்சர் பக்தவத்சலத்தின் ஆலோசனைப்படி கையெழுத்திட்டார்! 1965-இல் மொழிப்போர் தமிழகத்தை உலுக்கியது. அப்போதும் முடிவெடுத்தது அமைச்சரவைதான். 1966 வரை இங்கிருந்தார்.

இசையில் அவர் உண்மையாகவே மன்னர். வாசுதேவாச்சாரியாரிடம் பயின்று, ஸ்ரீவித்யா முத்திரையோடு தொண்ணூற்று நான்கு கீர்த்தனைகள் இயற்றினார். மேனாட்டு இசையிலும் தோய்ந்தவர். ருஷ்ய இசைமேதை மெட்னரின் படைப்புகளை இசைத்தட்டாக வெளியிடப் பொருளுதவி செய்தார். புரட்சிக்குப்பின் நாடு துறந்த ருஷ்யருக்கு, முடியிழக்கவிருந்த ஓர் இந்திய மன்னர் புரவலர்!

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பேரரசன் ஆண்ட காலத்திலும் ஊர் வாரியத்தைக் குடவோலை தேர்ந்தது. இன்று ஐரோப்பாவில் முழு முடியாட்சி எஞ்சியிருப்பது வாடிகனில் மட்டுமே. அங்கும் போப்பாண்டவரைக் கர்தினால்கள் வாக்களித்தே தேர்கின்றனர்.

ஆண்டுக்கு இருபத்தாறு லட்சம் ரூபாய் மன்னர் மானியம் பெற்றுவந்த உடையாருக்கு, 1971-இல் அதுவும் நின்றது. 1974 செப்டம்பர் 23-இல் தம் ஐம்பத்தைந்தாம் வயதில் காலமானார்.

அடுத்த பட்டிமன்றத்தில் எதிரணியில் எனக்கோர் இடம் கேட்டிருக்கிறேன்.