அஹ்மத் நகர்க் கோட்டையில் மௌலானா ஆஸாத்

ஜேடர்பாளையத்தில் அணைக்கட்டுக்குக் கீழே வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். காவிரியில் தண்ணீர் எப்பொழுது வரும், எப்பொழுது நிற்கும் என்று சொல்வதற்கில்லை; கடனோ கழுத்தை நெரிக்கிறது. இந்த நிலையில் ஒரு டம்ளர் தேநீரை ருசித்துக் குடிப்பதும், வாய்க்கால் ஓரம் பூச்செடி வைத்துப் பார்த்து மகிழ்வதும் கஃப்லத் ஆகாதா என்பது அவர் கேள்வி. மஸ்அலாவாக இரண்டு வரியில் பதில் சொல்லி விடலாம். ஆயினும் மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள் சிறையில் கழித்த மூன்றாண்டுகளை எடுத்துச் சொல்வதே மேல் என்று நமக்குத் தோன்றியது.

மௌலானா அவர்கள் 1888இல் மக்கா முகர்ரமாவில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தார்கள். ஆங்கில அரசு 1916இல் அவர்களை ராஞ்சியில் காவலில் வைத்தது. அங்கே குர்ஆன் ஷரீபின் உர்தூத் தர்ஜுமாவில் ஈடுபட்டிருந்தார்கள். ஏடுகளைப் போலீசார் கைப்பற்றினர். பின்னொரு கைதின்போது எடுத்துச் சென்றவை கிழிந்த குப்பையாகவே திரும்பி வந்தன. மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். தர்ஜுமானுல் குர்ஆனின் முதற்பாகம் வெளிவந்தபோது அவர்களுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது.

1942 ஆகஸ்ட் 9 அதிகாலை. காங்கிரஸ் தலைவராயிருந்த மௌலானாவைப் பம்பாயில் கைது செய்து, பண்டித நேரு, சர்தார் படேல் முதலியோருடன் அஹ்மத் நகர்க் கோட்டையில் அடைத்தனர். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, விடுதலைக்குத் தேதியும் இல்லை. ஆரம்பத்தில் கடிதமும் பத்திரிகையும் கூடத் தடுக்கப்பட்டன.

மௌலானா பின்னிரவு மூன்று மணி சுமாருக்கே எழுந்து விடுவார்கள். தாமே தேநீர் தயாரிப்பார்கள். வெண்மல்லிகை என்று பெயர் கொண்ட சீனத் தேயிலை, பால் சேர்ப்பதில்லை. பாலும் தூளும் கலந்து நாம் குடிப்பதை அவர்கள் தேநீராகவே ஏற்கவில்லை! கூடவே சிகரெட்டும் பிடித்தார்கள். அதை நாம் சிறப்பித்துச் சொல்ல மாட்டோம். அந்த நேரத்தில்தான் நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷர்வானி அவர்களுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். அவற்றை அனுப்ப வழியில்லை என்று தெரிந்தே எழுதினார்கள். 1946இல் குபாரே காதிர் என்ற நூலாக வந்தவை அவைதாம்.

அறையின் உத்தரத்தில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டின. குப்பை விழுகிறதென்று மௌலானா முதலில் குடையாலும் பிறகு மூங்கிற் கழியாலும் விரட்டிப் பார்த்தார்கள். குருவிகளே ஜெயித்தன. பிறகு அரிசி தூவினார்கள். நாளுக்கு நாள் அரிசியைத் தம் பக்கமாக நகர்த்தினார்கள். கடைசியில் குருவிகள் உள்ளங்கையில் வந்தமர்ந்து கொத்தலாயின. ஒவ்வொன்றுக்கும் பெயர் சூட்டி, அவற்றின் குணத்தை வேடிக்கையாக எழுதினார்கள். அபூ உமைர் என்ற சிறுவரிடம் அவர் வளர்த்த குருவியைப் பற்றி விசாரித்து மகிழ்வித்த நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் உம்மத்துக்கு இது புதிதல்ல. முற்றத்தின் கல் மண்ணைக் கொத்திப் பூச்செடிகளும் வைத்தனர். பண்டிதர் நேருவும் மண்வெட்டி பிடித்தார்.

இதெல்லாம் கவலையற்றவர் செய்த காரியமா? 1943இன் தொடக்கத்தில் மனைவியார் ஸுலைகா பேகம் கல்கத்தாவில் கடும் நோயுற்றார்கள். அரசாங்கத்துக்கு ஏதேனும் எழுதுவதானால் உடனே அனுப்பி வைப்பதாகச் சிறை அதிகாரி சொன்னார். தம்மை அடைத்தவர்களிடம் சலுகை கேட்க மௌலானா இசையவில்லை. ஏப்ரல் 9ஆம் தேதி அம்மையார் வஃபாத்தானார்கள். செய்தி தந்தியில் வந்தது. அந்நாட்களில் மௌலானா வழக்கமான வேளைகளை ஒன்றும் மாற்றவில்லை. ஆனால் உணவு தொண்டையில் இறங்கவில்லை. வெளியே காட்டிய அமைதியில் தம் உள்ளத்தின் பெருமையும் கலந்திருந்தது என்று ஒளிக்காமல் எழுதினார்கள். அப்படி ஒப்புக்கொள்வது ஸப்ரை விடக் கடினம் என்று நாம் கருதுகிறோம்.

1945 ஜூனில் விடுதலையாகிக் கல்கத்தா வந்தபோது மக்கள் பெருந்திரளாய்க் கூடி வரவேற்றனர். மேளவாத்தியத்தை நிறுத்தச் சொல்லி விட்டு, வீட்டுக்குப் போகும் முன் மோட்டாரைக் கபரஸ்தானுக்கு விடச் சொன்னார்கள். வண்டி நிறைய மாலைகள் கிடந்தன. அவற்றில் ஒன்றை எடுத்துக் கபர் மீது வைத்து, மௌனமாக ஃபாத்திஹா ஓதினார்கள்.